கிழக்கே சூலம்

என் கல்யாணத்துக்கு அக்கா நியூயார்க்கிலிருந்து வர வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், அன்னூர்ப் பக்கத்தில் எங்களுக்கு அமெரிக்கா என்பது ஒரு குரல் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை போனில் வரும், கரகரக்கும், பாதியில் அறுந்துபோகும். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் செய்யாமல் முகூர்த்தம் கிடையாது. முந்தின நாள் இரவு உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைப்புடவையின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை அவன் கையில். எனக்கு இருப்பது ஒரே அக்கா.

வியாழக்கிழமை முகூர்த்தம், புதன் இரவு சீர். அவள் திங்கட்கிழமை விமானத்தில் இடம் போட்டிருந்தாள். அப்பா காலண்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அங்கிருந்து நம்மூரு எந்தத் திக்கு?"

அட்லசில் விரல் வைத்துப் பார்த்து, கிழக்கு என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் ஆகாது.

"உலகம் உருண்டைங்கப்பா, மேக்கால சுத்தியும் வரலாமுங்க" என்றேன். அவர் முறைத்த முறைப்பில் அட்லசை மூடிவிட்டேன்.

"செவ்வாக்கெழம கெளம்பு அம்மணி. ஒரு நாள் பயணந்தான? புதன் பொழுதுக்குள்ள வந்து சேந்துரலாம்" என்று போனில் அப்பா போட்ட சத்தத்தில், அக்கா சொல்ல வந்தது எடுபடவில்லை.

புதன்கிழமை விடியற்காலை, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது போன் அடித்தது.

"இப்பத்தானுங்கப்பா பிளேன் ஏறப் போறேன்."

"இன்னுமா ஏறல? இன்னிக்குப் புதனாச்சே!"

"இங்க இன்னும் செவ்வாய்தானுங்க. பம்பாய் வந்து, கோயமுத்தூர் வர வியாழக்கெழம காலைல ஆயிருமுங்க."

அப்பா ரிசீவரை வைக்காமலே உட்கார்ந்திருந்தார். சூலம் பார்த்த மனிதர் பூமி சுற்றுவதைப் பார்க்கவில்லை.

பெரியப்பா மகளை நிறுத்திவிடலாம் என்றார்கள். அதுவும் வழக்கம்தான். அப்பா தலையாட்டவில்லை. யாரிடமும் இறங்கிப் பேசாதவர், சீர் நடத்திவைக்க வந்திருந்த அருமைக்காரர் முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"ஏனுங்க, நாளைக்கு முகூர்த்தத்துக்கு முந்தி வெச்சுக்கலாமுங்களா? எம்புள்ள வந்துட்டு இருக்குதுங்க."

"பொறந்தவ வரட்டுமுங்க" என்றார் அவர்.

அதுவரை அப்பாமேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

மறுநாள் காலை அப்பாவே பீளமேடு விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தார். அக்காவின் கால்கள் வீங்கியிருந்தன. பெட்டி வந்து சேரவில்லை. அத்தையின் புடவையைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். சீர் முடிவதற்குள் நின்றபடியே தூங்கி என் தோளில் சாய்ந்தாள். நான் புடவை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தாலி கட்டும்போதுகூட அவ்வளவு சந்தோஷம் வந்ததா என்று சொல்ல முடியாது. இதை என் மனைவி படிக்காமல் இருக்க வேண்டும்.

அக்கா திரும்பிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் மேற்கே சூலம். அப்பா ஏதாவது சொல்வார் என்று விமான நிலையம் வரைக்கும் பார்த்தேன், வாயே திறக்கவில்லை. விமானம் கிளம்பிப் போன பிறகு நானே கேட்டேன்.

"இன்னிக்கு மேக்கால சூலமாச்சுங்களேப்பா?"

"தெரியும் கண்ணு. அவளா அதச் சொல்லி இன்னொரு நாள் இருப்பாளான்னு பாத்தேன்" என்றார்.