திட்டமிட்டுச் செத்த மீன்கள்

ஜனவரியில் உறைந்து கிடக்கும் எங்கள் ஏரியின் மேல் லாரி ஓட்டலாம். அணுமின் நிலையத்தின் வெந்நீர் வந்து விழும் கால்வாயில் மட்டும் ஆவி பறக்கும். அந்தக் கால்வாயில் பதினோரு வருடம் கெண்டை வளர்த்தவள் கனிபா. ஆடு மேய்த்த கசாக் குடும்பத்துப் பெண். வாழ்நாளில் ஒரு துண்டு மீன் தின்றதில்லை. அதனாலேயே அவளை நம்பி மீனை ஒப்படைத்தார்கள் என்பார்கள்.

அணு உலை நின்றால் வெந்நீர் நிற்கும், மீன் விறைத்துச் சாகும். ஆகவே பராமரிப்புக்கு நிறுத்துவதானால் அவளுக்கு முன்கூட்டியே சொல்லி, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுதான் விதி. திடீரென்று நின்றாலோ, மாத அறிக்கை கெட்டுவிடும். சிறந்த நிலையத்துக்கு சோவியத் அரசு தரும் செங்கொடியும் ஊழியர்களின் ஊக்கத்தொகையும் அடுத்த ஊர் நிலையத்துக்குப் போய்விடும்.

அந்த ஜனவரியில் ஒருநாள் விடிந்தபோது கால்வாயில் ஆவி இல்லை. கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கனிபா ரப்பர் பூட்ஸோடு தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனாள். பொறியாளர் கென்ரிஹ் அதாமவிச், வோல்கா நதிக்கரையில் குடியேறிய ஜெர்மானியர் வம்சம், பொய் சொல்லக் கூச்சப்படுபவர், ஆனால் சொல்லிவிடுவார்.

"உலை நிக்கலை, கனிபா. திட்டமிட்ட பராமரிப்பு."

"எப்போ திட்டம் போட்டீங்க?"

"நின்னதுக்கு அப்புறம்."

"திட்டம்னா எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கணுமே."

"சொல்லியிருக்கோம். நீங்க மறந்துட்டீங்க." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாயங்காலம் கூட்டத்துல அதை நீங்களே சொல்லிட்டா நல்லது."

மதியம் வீட்டில், டர்பைன் பிரிவில் ஃபிட்டராக இருந்த கணவன் செய்த்காலி பால் தேநீரை உறிஞ்சியபடி விஷயத்துக்கு வந்தான்.

"உலை தானா நின்னுச்சுன்னு நீ சொன்னா, தெருவுல ஒருத்தன் எனக்கு சலாம் சொல்ல மாட்டான்."

"மீனை நான்தான் கொன்னேன்னு சொன்னா?"

"செத்த மீனுக்குச் சொந்தக்காரன் எவனும் நம்ம தெருவுல இல்லையே."

"வேலை போயிடும்யா."

"வேற வேலை குடுப்பாங்க. கேட்டுட்டேன்."

அவன் கேட்டுவிட்டு வந்திருந்தான் என்பதுதான் அவளுக்கு உறைத்தது. மீதித் தேநீரைக் குடிக்காமல் எழுந்தாள்.

கலாச்சார அரங்கில் நிலையம் முழுவதும் கூடியிருந்தது. பதினோரு வருடத்தில் மீன் விஷயத்துக்கு இத்தனை பேர் கூடியது அன்றுதான். முன்கூட்டியே சொன்னார்களா என்று கூட்டத் தலைவர் கேட்டார். கனிபா எழுந்தாள்.

"சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "மீனுங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் நிம்மதியாகக் கைதட்டினார்கள். கவனக்குறைவுக்கு அவளுக்குக் கண்டனம் எழுதப்பட்டது. நிலையத்துக்குக் கொடி வந்தது.

கொடி விருந்தில் வறுத்த கெண்டை பரிமாறினார்கள். பனியில் கிடந்த மீன் கெடுவதில்லை. எப்படிச் செத்தது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொரு துண்டு கேட்டவர்கள் உண்டு. கனிபா ரொட்டி மட்டும் தின்றாள். வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்கள்.

பிறகு இப்படி மறதியால் மீன் சாவதைத் தடுக்க நிர்வாகம் ஒரு நல்ல முடிவெடுத்தது: மீன் வளர்ப்பையே மூடியது. கனிபாவுக்கு அரங்கின் வாசலில் கோட்டுகளை வாங்கி மாட்டும் வேலை. கொடியைத் தூசி தட்டுவதும் அவள் பொறுப்பு.

மறு குளிர்காலத்தில் ஒரு காலை, அரங்கின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கால்வாயில் மறுபடி ஆவி இல்லை. கூட்டத்துக்கு வந்த கென்ரிஹ் அதாமவிச் கோட்டைக் கழற்றி நீட்டினார்.

"இன்னிக்கும் திட்டமிட்ட பராமரிப்பா?" என்றாள்.

"ஆமா."

"எனக்குச் சொல்லலியே?"

"இனிமே சொல்ல வேண்டியதில்ல, கனிபா. மீன்தான் இல்லையே."

அவள் கோட்டை மாட்டிவிட்டு, அதைத் திரும்ப வாங்குவதற்கான எண் பொறித்த வில்லையை அவர் கையில் வைத்தாள்.

"தொலைச்சிடாதீங்க. எனக்கு மறதி ஜாஸ்தின்னு ஊருக்கே தெரியும்."