வாசிக்கும் இயந்திரம் வாய் திறக்காத நாள்

அலுவலக நடைமுறை விதி தெளிவானது. வந்த தபாலை முதலில் படிக்க வேண்டும். படித்த பிறகுதான் பதிவேட்டில் எண் கொடுக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது, இந்த விதியை மீறியவர்களுக்கு நானே மெமோ கொடுத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருடம், 1981இல், ஆரணியில் எங்கள் தெருவில் நெசவுக்காக நீட்டிக் கட்டியிருந்த பட்டு நூல் பாவின்மேல் போய் விழுந்தேன். "இம்மா நீளம் பாவு, கண்ணுக்குத் தெரிலியா சார்?" என்று நெசவாளர் கத்தினார். எதிரே இருப்பது தெரிந்தது. பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை. மருத்துவர் கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பை அழிக்கும் நோய்) என்றார்.

"போன பார்வை வராது. இருக்கறதைக் காப்பாத்தப் பாப்போம்."

சொட்டு மருந்து, அறுவை சிகிச்சை, மறுபடி சொட்டு மருந்து. மூன்று ஆண்டுகளில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. இந்த நோய் உள்ளவர்கள் மருந்தை ஒருநாளும் விடாதீர்கள். நான் பாதி நாள் மறந்தேன்.

இருட்டு பழகிவிட்டது. பழகாதது எதிர்வீட்டுப் பட்டுக்கடைக் கணக்கர் முனிரத்தினத்தின் வாய். பம்பாயில் இருக்கும் என் மகன், தன் அம்மாவுக்குத் தமிழில் எழுதுவான். அதில் எல்லோரும் நலம். எனக்கு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்புவான். அதில்தான் நிஜம் இருக்கும். அதை முனிரத்தினம் படித்துச் சொல்வார். மகனும் மருமகளும் பிரிந்திருப்பதைக் காலையில் அவர் வாயால் கேட்டேன். மாலையில் காய்கறிக்காரி என் மனைவி சரோஜாவுக்கு ஆறுதல் சொன்னாள். அதன்பின் மகன் எனக்கு எழுதிய மூன்று கடிதங்களைப் பிரிக்கவே இல்லை.

1986இல், சென்னையில் ஓர் அரசு நிறுவனத்துக்கு வெளிநாட்டு இயந்திரம் வந்திருப்பதாக வானொலியில் சொன்னார்கள். ஆங்கில எழுத்தைத் தானே அடையாளம் கண்டு உரக்கப் படிக்குமாம். செயற்கை அறிவாம். படித்ததைக் காய்கறிக்காரியிடம் சொல்லாத அறிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். வாரம் ஒருநாள் அதன்முன் உட்கார அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் மனு தட்டினேன். என் விரல்களுக்குத் தட்டச்சில் பார்வை தேவையில்லை. கார்பன் நகலைப் படித்த முனிரத்தினம், "ஒரு தப்புகூட இல்ல சார்" என்றார். அசலில் கையெழுத்திட்டு உறையில் போட்டு ஒட்டினேன். உறைமேல் அவர்கள் முகவரியையும் எங்கள் முகவரியையும் சரோஜா எழுதினாள்.

தமிழில் ஒரு வரி பதில் வந்தது: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. ஓராண்டில் ஆறு மனுக்கள், ஆறு முறையும் அதே வரி.

ஏழாவதை நேரில் கொடுக்கச் சரோஜாவுடன் சென்னைக்குப் போனேன். அங்கிருந்த ஊழியர் இரங்கினார். "அனுமதி வர்றப்ப வரட்டும். ஒரே ஒரு பக்கம் வெச்சுப் பாருங்க."

மகனின் கடிதங்கள் பையில் இருந்தன. ஆனால் எதையும் சோதிக்காமல் ஏற்பது என் வழக்கமல்ல. முதலில் மனுவை வைத்தேன். இயந்திரம் உறுமியது. பிறகு மௌனம்.

"உங்க மெஷின் ரிப்பேர்."

"மெஷின் நல்லாதான் இருக்குதுங்க. பேப்பர்லதான் ஒண்ணும் இல்ல. கீழ கையெழுத்து மட்டும் இருக்குது."

தட்டச்சுப் பொறியில் ஸ்டென்சில் எனும் மெழுகுத்தாளை வெட்ட ஒரு விசை உண்டு. அதைத் தள்ளினால் மை நாடா விலகிக்கொள்ளும். தூசு துடைக்கும்போது தள்ளியிருக்கிறேன். கார்பன் இருந்ததால் நகலில் எழுத்து விழுந்தது, அசல் வெறுந்தாள். ஆறு வெறுந்தாள்களுக்கு எண் கொடுத்து, ஆறையும் பரிசீலித்திருக்கிறார்கள்.

"நான் அப்பவே பாத்தேங்க" என்றாள் சரோஜா. "வெறும் பேப்பர ஒட்டிகினு இருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"சர்க்கார் சமாச்சாரம் உனக்குத் தெரியாதுன்னு நீங்கதான சொல்வீங்க? இதுவும் ஒரு ரூலுன்னு நெனச்சுகினேன்."

மகனின் கடிதத்தை எடுத்தேன். "ஒரு பக்கம்னு சொன்னேன், அது ஆயிடுச்சுங்க" என்றார் ஊழியர். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க." அவர் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஊருக்கு வந்து எட்டாவது மனுவைத் தட்டினேன். இப்போது அசலைச் சரோஜா பார்த்து, "கறுப்பா இருக்குது" என்று சொன்ன பிறகே கையெழுத்து.

தேதிகளால் ஓடிய என் நாள் இப்போது ஒலிகளால் ஓடுகிறது. தறிகள் ஓய்ந்தால் மதியச் சாப்பாடு; சைக்கிள் மணி கேட்டால் தபால். கடைசியில் மகனின் கடிதங்களில் ஒன்றை மட்டும் பிரித்தேன். தாளின் பின்புறத்தைத் தடவினால் எழுத்துகளின் அழுத்தம் தெரிகிறது. இருபத்திரண்டு வரி. கடைசி வரி மிகச் சிறியது. என்ன எழுதியிருக்கிறான் என்பது விரலுக்குத் தெரியாது.

பதில் வந்தது. சரோஜா ஒரு சொல் விடாமல் படித்தாள். தங்கள் முந்தைய ஆறு மனுக்களையும் கவனமாக ஆராய்ந்ததில், செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு இயந்திரத்தைப் பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது.

அந்த அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது 1987 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.