பகல் பன்னிரண்டு மணி வோல்டேஜ்

சவரிராயன் அண்ணன் போய்விட்ட செய்தியைக் கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலைதான் சொன்னாள். கூடையை இறக்கும்போதே, "ஒங்ககூட காயில் கடையில இருந்தாரே, பிரான்சு பென்ஷன்காரர் மகன், அவரு விடியகாலையில எறந்துட்டாராம்மா" என்றாள். "பாத்துப் போடு, நசுங்கினதெல்லாம் என் பக்கம் தள்ளுறே" என்றுதான் என் வாயில் வந்தது. மீனை வாங்கி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

நினைவு மலருக்கு நாலு வரி வேண்டும் என்று கடை முதலாளி ஆள் அனுப்பினார். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் நான் எழுதுவதை யாரும் திருத்த வேண்டியதில்லை. அவரோடு ஒரே மேசையில் பதினோரு வருஷம், எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றியவள் நான். அவரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் நல்லதையே எழுதுவீர்கள். நானும் நல்லதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலை தெரிந்தவர். சுரக்குடியிலிருந்து ஒரு பெரியவர் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை வண்டியில் ஏற்றி வந்தார். "சும்மாதான் ஓடிச்சு, தானா நின்னுடுச்சு" என்று சாதித்தார். அண்ணன் மூடியைக் கழற்றி ஒரு பார்வைதான் பார்த்தார். "மாமா, மூணு பேஸ்ல ஒண்ணு போனப்புறமும் அரைமணி ஓட்டியிருக்கீங்க. நீங்க பொய் சொல்லலாம், காயில் சொல்லாது" என்றார். பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டு, "ஒரு மடைதான் பாக்கி இருந்துச்சு தம்பி" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிரான்சிலிருந்து வந்த அவருடைய மச்சான் உடைந்த கணிப்பொறிச் சாமான்கள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருந்தது. மற்ற மோட்டார் போலச் சுழலாது. சொன்ன அளவுக்கு ஒவ்வொரு அடியாக நகர்ந்து நிற்கும். அதை வைத்து, சுற்றை எண்ணிக்கொண்டே காயில் சுற்றும் மெஷின் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைக்காகச் செய்தார். மோட்டாரின் மேல் ஐந்து வோல்ட் என்று எழுதியிருந்தது. ஐந்து கொடுத்தால் மாட்டுவண்டி போல நகர்ந்தது. "மேல எழுதியிருக்கிறது, நின்ன எடத்துல சூடாகாம நிக்கிறதுக்கான அளவு. ஓடணும்னா கூடக் கொடுக்கணும், கரண்டை மட்டும் ரெசிஸ்டர் போட்டுப் பிடிச்சுக்கணும்" என்றார். அதோடு, ஒரு பக்கத்துக் காயிலை நிறுத்தும்போது மறுபக்கம் உதைக்கும், காயிலுக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் டிரான்சிஸ்டரின் மேல் இரட்டிப்பு வோல்டேஜ் விழும் என்றும் சொல்லிக்கொடுத்தார். டிரான்சிஸ்டர் அறுபது வோல்ட் வரை தாங்கும். கடைக் கரண்டை டிரான்ஸ்பார்மரில் இறக்கி அவர் கொடுத்தது இருபத்தாறு. இரட்டித்தால் ஐம்பத்திரண்டு. பயமில்லை என்றார்.

அந்த இருபத்தாறை அவர் அளந்தது, மெஷினை ஓட்டிப் பார்த்தது எல்லாம் காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் சுற்றுப்பட்டு ஊர்களின் பம்புசெட்டெல்லாம் ஓடும்; கடை பல்பு மஞ்சளாக அழும். பன்னிரண்டு மணிக்குப் பம்புசெட் கரண்டை நிறுத்துவார்கள். உடனே வோல்டேஜ் ஏறி எங்கள் வீட்டு மின்விசிறி பிய்த்துக்கொண்டு சுற்றும். இதைப் பார்க்கப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

"அண்ணே, பன்னண்டு மணிக்கு மேல ஒரு தரம் அளந்து பாத்துடுங்க" என்றேன். அந்த மெஷின் வந்தால் முதலில் போவது என் வேலைதான். தெரிந்துதான் சொன்னேன்.

"அஞ்சாங் கிளாசுல எலக்ட்ரானிக்சும் சொல்லிக் குடுத்தாங்களா மரகதம்?" என்றார். அளக்கவில்லை.

மெஷினைப் பார்க்க நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு பேரை முதலாளி வரச் சொல்லியிருந்தார். பஸ் பிந்தி, பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். மெஷின் பத்துச் சுற்று ஓடியிருக்காது. பட்டென்று ஒரு சத்தம், புகை. "என்னய்யா ஆச்சு?" என்றார் முதலாளி. அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மரகதம் வேகத் திருகைத் திருகிடுச்சு போலிருக்கு."

நான் பத்தடி தூரத்தில், கையில் கம்பிச்சுருளோடு நின்றிருந்தேன்.

"நான் தொடலீங்க."

"பின்னே தானா எரிஞ்சுதா?" என்றார் முதலாளி. வந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து எனக்குக் காயில் மேசை இல்லை. பழைய மோட்டாரைச் சுரண்டித் துடைக்கும் வேலைதான். பின்னால் சேர்ந்தவர்கள்கூட 'திருகு மரகதம்' என்று கூப்பிட்டார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

மூன்று மாதம் கழித்து அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். ஒரு துண்டுத்தாளை நீட்டினார். "தெனம் அளந்து எழுதியிருக்கேன் மரகதம். பத்து மணிக்கு இருபத்தாறு, பன்னண்டரைக்கு முப்பத்துநாலு. ரெட்டிச்சா அறுபத்தெட்டு. நீ சொன்னதுதான் சரி."

"இதைக் கடையில சொல்லுங்கண்ணே."

காப்பியைக் குடித்து முடித்தார். "சொல்றேன்."

"எப்ப?"

"சமயம் பாத்து."

பிறகு மெஷினைத் திருத்திக் கட்டினார். பகல் பன்னிரண்டரைக்கு அளந்தாலும் இருபதைத் தாண்டாதபடி டிரான்ஸ்பார்மரை மாற்றினார். அது நன்றாகவே ஓடியது. "வோல்டேஜ் ஏறி நிக்கிற நேரத்துல அள. அதை ரெட்டி. அதுக்கும் மேல கால் பங்கு எடம் விடு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். இன்றைக்குக் காரைக்காலில் மெஷின் செய்து பார்க்கிறவர்கள் அதைச் 'சவரிராயன் கணக்கு' என்கிறார்கள். அவர் ஒரு தடவையும் மறுக்கவில்லை. ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சமயம் வரவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரோடும் சேர்ந்து ஒரு பிடி மண் போட்டேன். நல்ல வேலைக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல மனிதர் என்று எழுதக் கை வரவில்லை.

இரட்டித்துப் பார்க்கும் கணக்கு அவர் கொடுத்தது, அதை வைத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு மணிக்கு மேல் அளக்கச் சொன்னது நான்; அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 'சொல்றேன்' என்ற அவருடைய வார்த்தையும் என்னிடமே இருக்கிறது, இனி அதைக் காப்பாற்ற ஆளில்லை. ஆகவே நானே சொல்கிறேன். அந்தத் திருகை நான் தொடவில்லை. முதலாளி இந்த வரியை வெட்டாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.