நான் காட்டிய கல்லறை

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்தபோது, லயத்து வீடுகளில் இருந்த கூலி ஆட்களை பஸ்ஸில் திருகோணமலைக்குக் கூட்டிப் போனேன். கோயில் கும்பிட்டுவிட்டு யுத்தக் கல்லறைகளைச் சுற்றிக் காட்டினேன். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் வேறு.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் இதே ஊர்த் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் திரும்பவேயில்லை. பிணத்தைப் பார்க்காமல் பொட்டை அழிக்க மாட்டேன் என்று இருந்தவள் அவள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு பேரு எதுலயாச்சும் இருக்குங்களா?"

எல்லாம் பட்டாளத்துக்காரர்களின் கற்கள். கூலிக்காரனுக்கு அங்கே ஏது கல்? டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரனின் கல்லைக் காட்டி, "இதுதாம்மா" என்றேன்.

கற்பூரம் கொளுத்திவிட்டு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ வளையல்களை அந்தக் கல்லிலேயே அடித்து உடைத்தாள். முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். தாலியைக் கழற்றிக் கல்லடியில் வைத்தாள். மற்றப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள்.

பஸ் ஏறும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க இல்லாட்டி தெரிஞ்சிருக்காதுங்க, ஐயா."

அவள் புருஷன் செத்தானா என்றே எனக்கு இன்றுவரை தெரியாது.