சரிவில் நழுவிய அச்சு இயந்திரம்

சித்திரபுரத்தில் நாங்கள் நடத்தும் மேக்கர் ஸ்பேஸில் யார் வேண்டுமானாலும் வந்து கையால் பொருள்கள் செய்து பழகலாம். அங்கே ஈய எழுத்து கோத்து அச்சடிக்கவும் புத்தகம் தைக்கவும் ஓர் அறை ஒதுக்கினோம். பாலக்காட்டிலிருந்து பழைய இரும்பு அச்சு இயந்திரம் வந்து சேர்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது.

சாலையிலிருந்து எங்கள் கட்டடம் சற்றுக் கீழே இருக்கிறது. பலகை சாய்த்து இயந்திரத்தை இறக்கினோம். கீழே என் கணவர் அந்தோணி அதைத் தாங்கி நேராக்க, மேலே நானும் வண்டி டிரைவரும் கயிற்றைப் பிடித்திருந்தோம். திடீரென்று டிரைவர் வழுக்கி விழுந்தார். முழுப் பாரமும் என் கைக்கு வந்தது. இயந்திரம் அந்தோணியை நோக்கி நழுவியது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர். கத்த வாய் திறந்தேன், குரல் வரவில்லை.

"விட்ராத புள்ள, நாங்க புடிச்சிட்டோம்!"

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிவிட்டுச் சாலையில் வந்த பெண்கள் எனக்குப் பின்னால் கயிற்றைப் பற்றியிருந்தார்கள். இயந்திரம் நின்றது. அந்தோணி பக்கவாட்டில் ஒதுங்கி வெளியே வந்தார்.

எல்லாரும் சேர்ந்து மெதுவாக இறக்கி வைத்த பிறகும் என் விரல்கள் கயிற்றிலிருந்து விரியவில்லை. ஓர் அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகல, அழாத."

நான் அழுவது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

வாய்விட்டுக் கூப்பிடக்கூட முடியாமல் நின்ற என்னை, வழியில் போன யாரோ திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.