காணிக்குள் குறுக்கு வேலி

காலை ஏழேகாலுக்கு எங்கள் காணியின் ஒரு துண்டு ஆற்றுக்குள் போனது. நேரம் சரியாகத் தெரியும். அம்மா எனக்குச் சடை பின்னியபடி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். பெரிய மாடொன்று தொப்பென்று படுத்ததுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா சமைக்கும் குசினிக்குப் பின்னால் உடுப்புக் காயப்போடும் கொடியின் ஒரு பக்கத் தூணைக் காணவில்லை. கொடியும் அப்பாவின் சாரமும் கரைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்று, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, மழை விடாமல் பெய்தால் வீட்டைச் சுற்றி நடந்து நிலத்தைக் காலால் தட்டிப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர்கள். கிணறு தெரிந்தவர்கள், ஆறு தெரியாதவர்கள். ஊரில் கிணற்றடியில் பெருமரம் நின்றால், தண்ணீரை அது குடித்துவிடும் என்று தறித்துவிடுவார்கள். அதே நினைப்பில் சித்தப்பா, ஆற்றங்கரைச் சரிவில் நின்ற மருதமரங்களைத் தறிக்க வேண்டுமென்றார். வயலில் நிழல் விழுகிறது என்பது பிறகு சேர்த்துக்கொண்ட காரணம். சரிவு அரசாங்கத்தின் ஒதுக்கு நிலம்; ஒரு கொப்பு வெட்டவும் அனுமதி வேண்டும். எவரும் யாரிடமும் கேட்கவில்லை. மரம் அறுக்கும் இரட்டைப் பிடி வாளின் ஒரு பிடியைச் சித்தப்பாவும் மறு பிடியை அப்பாவும் பிடித்தார்கள். அது கோடையில். மாரியின் முதல் வெள்ளத்தோடு கொடித்தூண் போனது.

அன்று பின்னேரமே, ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் வந்து எட்டிப் பார்த்தார். மரம் தறித்த விஷயம் அரசாங்கக் காணிக் கந்தோருக்குப் போய்விட்டது, அங்கிருந்து ஓர் ஐயா வருவார், காணி பறிபோனாலும் போகும் என்று சொல்லிவிட்டுத் தேநீரும் குடிக்காமல் போனார். குசினியிலிருந்து கரை விளிம்புக்கு இனி ஒரு சேலை நீளம்தான் மிச்சம். ஆறு முந்துமா, கந்தோர் முந்துமா என்பதே வீட்டில் பேச்சாக இருந்தது.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மண்ணைக் காக்கத் தெரிந்த ஒரே வழி வேலி. மழை விட்ட நாளில் கிளுவைக் கதியால்களை, அந்தத் துளிர்க்கும் தடிகளை, ஊரில் எல்லைக்கு நடுவதுபோல மேலிருந்து கீழாக நேர்கோட்டில் நட்டு வரிந்து கட்டினார்கள். வடிவான வேலி. அடுத்த மழையில் தண்ணீர் அதன் ஓரமாகவே வழி கண்டு ஓடி, சரிவை வாய்க்காலாக அறுத்தது. வேலி படுத்துவிட்டது.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப் பார்த்தார். மரம் தறித்தபோது விழுந்த ஒரு கொப்பு சரிவில் குறுக்கே சிக்கிக் கிடந்தது. அதன் மேற்பக்கத்தில் மட்டும் மண் கரையாமல் திட்டாக நின்றது.

"வேலியைக் குறுக்க போடுங்கோ," என்றார்.

சித்தப்பா திடுக்கிட்டார். "அண்ணி, காணிக்குள்ள குறுக்க வேலியெண்டா, நானும் அண்ணையும் பங்கு பிரிச்சிட்டம் எண்டெல்லோ சனம் கதைக்கும்?"

"கதைக்கட்டும். சனம் கதைச்சு மண் சரியாது."

எங்கள் ஆட்களுக்கு வேலி என்றால் எல்லை. ஒரு குடும்பத்துக் காணிக்குள் வேலி எழுந்தால், அண்ணன் தம்பி இனி முகம் பார்ப்பதில்லை என்றுதான் பொருள். அந்த வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, சரிவில் படிகள்போல ஒன்றின்கீழ் ஒன்றாகக் குறுக்கு வேலிகள் போட்டார்கள். ஒவ்வொன்றின் மேற்பக்கமும் மண் நிரப்பி, நொச்சித் தடிகள் ஊன்றினோம். இடையிடையே நாணலை வேரோடு கிளப்பி வந்து வைத்தோம். அக்கரையில் மருதமரங்கள் தறிபடாமல் நின்றன. வெள்ளம் வடிந்த நேரம் பார்த்து, அங்கிருந்த கன்றுகளை அப்பா மண்ணோடு ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து வந்தார். நாணல் பிய்ந்து போனது, மறுபடி வைத்தோம். நடுவேலியை ஒரு வெள்ளம் கொண்டுபோனது, மறுபடி கட்டினோம். அம்மா உள்ளங்கையில் பழந்துணி சுற்றிக்கொண்டு மண் வெட்டினார். "இன்னும் கொஞ்சம்" என்பதைத் தவிர அந்த மாரியில் அவர் வேறெதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

பக்கத்துக் காணிக்காரர் வயலுக்குப் போகும்போது சைக்கிளை நிறுத்திக் கேட்பார். "என்ன தம்பி, உன்ர பங்கு கீழ்ப்பக்கமோ? மீனையும் சேர்த்தோ எழுதித் தந்தவை?"

"ஓமண்ணை, முதலையும் எனக்குத்தான்," என்பார் சித்தப்பா, தலை நிமிராமல்.

விதானையார் சொன்ன ஐயா பங்குனி வெயிலில்தான் வந்தார். ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து எல்லோரும் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தோம். அவர் தறித்த மரங்களின் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வேலிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கி, ஒரு நொச்சியை இழுத்தார். அது வரவில்லை. மேலே ஏறி வந்து பேனையைத் திறந்தார்.

"ஆர் தறிச்சது?"

"நான்," என்றார் சித்தப்பா.

"நான்தான் ஐயா. காணி என்ர பேரில," என்றார் அப்பா.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வழக்கு எழுதினா ரெண்டு பேரும் கோடு கச்சேரி எண்டு அலைவியள். பிறகு உந்தக் கண்டுகளுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

"நான் ஊத்துவன் ஐயா. நீங்கள் எழுதுங்கோ," என்றேன்.

அம்மாவின் கை நகம் பதிய என் தோளைப் பிடித்தது. அப்பா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா குனிந்து என் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு அவர் சொன்னதைக் கேட்டு அம்மா ஏன் குசினிக்குள் ஓடிப்போய் அழுதார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஐயா என்னைக் குறைத்துப் பேசிவிட்டார் என்று பல நாள் கோபமாகவே இருந்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "உன்ர வாளி சின்னன், பிள்ளை."