கண்ணுக்குத் தெரியாத பூச்சு

தலைமுடியைவிட மெல்லிய பூச்சைப் பூசிவிட்டு, அது இருக்கிறது என்று சத்தியம் செய்து பிழைப்பவர்கள் நாங்கள். என்னைப் போல லேபில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

எங்கே பூச்சு?

உடைந்த எலும்பில் முடுக்கும் டைட்டேனிய ஸ்க்ரூக்களுக்கு, மீன்தோலிலிருந்து எடுத்த புரதத்தைப் பூசுகிறது சவூதியில் அல் கோபாரில் உள்ள எங்கள் சின்னக் கம்பெனி. பூச்சு இருந்தால் எலும்பு சீக்கிரம் பற்றிக்கொள்ளும். ஓர் ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தால்தான் லேப் தொடரும். இல்லையென்றால் எல்லோருக்கும் விசாவை முடித்து ஃபைனல் எக்ஸிட், ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். என் மகளோ பத்தாம் வகுப்பு. முதல் சாம்பிளை லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த எகிப்திய சர்ஜன் சொன்னார்: "மாஃபி கோட்டிங்! பூச்சே இல்ல, ஹார்டுவேர் கடை ஸ்க்ரூ மாதிரியே இருக்கு."

கூடுதல் கவனிப்பு

இரண்டாவது சாம்பிளைக் கிருமி நீக்கி, பையில் சீல் வைத்தே அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் ஹைதராபாத் ரஃபீக் பாய்க்கு ஒரு பழக்கம். உலோகம் என்று எது வந்தாலும் பிரித்து, கொதிக்கும் ஆவி மெஷினில் போட்டுவிடுவார். "சூடு ஆகாது" என்று ஆங்கிலத்திலும் அரபியிலும் லேபிள் ஒட்டியிருந்தோம், யார் படித்தார்கள்? புரதம் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெந்து உரிந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ பெருமையாகச் சொன்னார்: "உங்க சாமான்னு ரெண்டு தடவை போட்டேன், பாய்!"

டிரைவரின் யோசனை

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் மனைவி அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் டிரைவர் முருகேசன், ராமநாதபுரத்துக்காரர், பையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்த எவன் சார் படிக்கிறான்? ஒரு ஆம்லெட் படத்தப் போட்டுச் செவப்புல குறுக்க அடிச்சு விடுங்க" என்றார். போட்டேன். ரஃபீக் பாய் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். மெஷின் பக்கமே போகவில்லை.

சர்ஜனுக்கும் ஒன்று வைத்திருந்தேன். பாதி மட்டும் பூசிய ஸ்க்ரூவை, புரதத்தில் மட்டும் ஏறும் நீலச் சாயத்தில் அவர் கண்முன்னால் முக்கிக் கழுவினேன். பூசிய பாதி நீலம், பூசாத பாதி வெள்ளி. நகத்தால் சுரண்டினார். டேப் ஒட்டிப் பிய்த்தார். நீலம் அசையவில்லை. "கலாஸ், முடிஞ்சது! ஆர்டர் உங்களுக்குத்தான்" என்று கை கொடுத்தார்.

வாசலுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டு, "ஜெயிச்சுட்டோம்!" என்று கத்திய கத்தலில் செக்யூரிட்டியே எழுந்து நின்றார். அவள் கேட்டாள்: "அப்ப இந்தப் பெட்டியெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிடவா?"

இத்தனை வருடம் படித்த ரசாயனத்தால் பூச்சு ஸ்க்ரூவில் ஒட்டியது. நாங்கள் அல் கோபாரில் ஒட்டிக்கொண்டது என்னவோ ஓர் ஆம்லெட்டால்.